கணக்கில் சேராத வயர்

எல்லா விதிகளும் தெரிந்த மனிதரை வீட்டு வேலைக்குக் கூப்பிடக்கூடாது. வேலை சரியாக நடக்கும். வீட்டில் வேறொன்றும் நடக்காது. என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஓய்வு பெறும்வரை தொழிற்சாலையொன்றில் பாதுகாப்புப் பொறுப்பாளராக இருந்தவன் நான். மகள் மதுரா அஜக்ஸ் நகரில் வீடு வாங்கி, பால் காய்ச்சக் குறித்த நாளன்று காலை, கூடத்துச் சீலிங்கில் புது லைற் பூட்டும் வேலை என் தலையில் விழுந்தது. உதவிக்கு மனைவியின் தம்பி குகன். குகனுக்கு மின்வேலை தெரியும் என்று சொல்பவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் குகன்.

சீலிங்கில் இருந்தது சின்னத் தட்டைப் பெட்டி. மூன்று கேபிள்களின் வயர்களையும் அதற்குள் பெருவிரலால் திணித்துக்கொண்டிருந்தான் குகன்.

"உது காணும் அத்தான். அமத்தினால் போகும்."

"அமத்தினால் போறதுக்கு உதென்ன, கொழும்புக்குப் போற சூட்கேஸோ?"

அவனை இறக்கிவிட்டு விளக்கினேன். (யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.) ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. உறை போட்ட ஒவ்வொரு வயருக்கும் இவ்வளவு இடம், வயர்களை இணைக்கும் தொப்பிகளில் சோடிக்கு இவ்வளவு இடம் என்று கூட்டிப் பார்க்கவேண்டும். மீறித் திணித்தால் உறை நசுங்கும், சூடேறும், ஒருநாள் வீடு புகையும். உறையில்லாத ஏர்த் வயர் மட்டும் இந்த நாட்டில் கணக்கில் சேராது.

"ஏர்த் வயருக்கு மட்டும் ஏன் ஃப்ரீ ரிக்கெற்?" என்றான் குகன். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

ஆழமான பெட்டி வாங்கிவந்தேன். அந்த லைற்றுக்கான பிரேக்கரை மட்டும் நிற்பாட்டினால் போதும் என்றான் குகன். நான் வீட்டு மெயின் சுவிட்சையே நிற்பாட்டி, பூட்டும் போட்டேன். பூட்டின் திறப்பு, அதாவது சாவி, வேலை செய்பவரிடமே இருக்கவேண்டும், பிறர் கையில் கொடுக்கக்கூடாது என்பது விதி. மேலதிகத் திறப்பு தூரத்தில், றிச்மண்ட் ஹில்லில் எங்கள் வீட்டு மேசை லாச்சியில், பெயர் ஒட்டிப் பத்திரமாக இருந்தது.

நான் அணிந்திருந்ததோ பட்டு வேட்டி, பையில்லாத ஜிப்பா. ஏணியில் நிற்பவனுக்கு இரண்டு கையும் வேண்டும். எனவே திறப்பைக் கண்ணுக்கு நேரே தொங்கிய ஏர்த் வயரில் கோர்த்துவிட்டேன். தொலையவே தொலையாத இடம்.

பெட்டியைச் சீலிங்கில் பூட்டி, வயர்களை முறுக்கித் தொப்பி போட்டு, மடித்து உள்ளே வைத்து, லைற்றையும் பூட்டினேன். நெரிசலே இல்லை. "பார், எவ்வளவு இடம்" என்று குகனுக்குக் காட்டியதும் நினைவிருக்கிறது.

மதுரா ஓடிவந்தாள். "அப்பா, ஸ்ரோவ் வேலை செய்யேல்லை. நல்ல நேரம், லைக், முடியப்போகுது. பவரைப் போடுங்கோ."

அப்போதுதான் திறப்பைத் தேடினேன். வேட்டி மடிப்பு, ஏணித் தட்டு, கருவிப் பெட்டி, பழங்கள் வைத்த தட்டுகூட. பூட்டை வெட்டுவோம் என்றான் குகன். வெட்டமுடியாத பூட்டாகத் தேடி வாங்கியவன் நான்.

நேரம் குறித்துக் கொடுத்தவர் மதுராவின் மாமியார். வெறும் அடுப்பில் குளிர்ந்துகொண்டிருந்த பாலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பால் காய்ச்சத்தானே அண்ணை கேட்டனாங்கள்? ரொக்கற் விடவோ கேட்டனாங்கள்?"

கடைசியில் பின்வளவில் பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன பாபிகியூ அடுப்பில் பானை ஏறியது. எத்தனை கோடை காலத்துக் கோழிக்கால்களின் வாசனை அதில் இருந்ததோ தெரியாது. பால் நல்ல நேரத்துக்குள் பொங்கியது. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "நான் வெள்ளிக்கிழமையில மச்சம் மாமிசம் சாப்பிடுறேல்லை" என்று கோப்பையை வைத்துவிட்டார்.

மானத்தை மீட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி விரிவுரை. மேலே பூட்டிய வேலையின் அருமையை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். "உந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற ஒவ்வொரு சாமானும் என்ரை கணக்கில இருக்கு. வயர் ஆறு. தொப்பி, சோடிக்கு ஒண்டு. ஏர்த் வயர் மட்டும்தான் கணக்கில..."

அதோடு நின்றுவிட்டேன். அந்த வயரில் நான் கோர்த்ததும் கணக்கில் சேரவில்லை.

குகன் என் முகத்தைப் பார்த்தான், சீலிங்கைப் பார்த்தான், ஏணியில் ஏறினான். லைற்றைக் கழற்றி வயர்களை வெளியே இழுத்தான். மூன்று ஏர்த் வயர்களோடு சேர்த்து அழகாக முறுக்கப்பட்டு, தோடுபோலத் தொங்கியது திறப்பு. கரண்ட் போகிற பெட்டிக்குள் இரும்புத் துண்டு. தொழிற்சாலையில் வேறொருவன் இதைச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

இப்போது குடும்பத்தில் எவர் எதைத் தொலைத்தாலும் எல்லோரும் முதலில் சீலிங்கைப் பார்க்கிறார்கள். மாமியார் எங்கள் வீட்டில் தேநீர் குடிக்குமுன், பால் உள் அடுப்பில் காய்ச்சியதா என்று விசாரிக்கிறார். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்கமுடியாதது, குகன் ஒவ்வொரு விருந்திலும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்வது:

"என்ரை சின்னப் பெட்டியெண்டால், அத்தான், அந்தத் திறப்பு உள்ளுக்குப் போயிராது."

அதற்கு ஒரு பதில் இருக்கவேண்டும். விதிகளை முழுக்கத் தேடிவிட்டேன். இல்லை.