துப்பினால் திராட்சை, விழுங்கினால் தென்னை

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே திராட்சைக் கொடியை 'ங்க' போட்டுக் கூப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் பந்தல்காரர்தான்.

தொண்ணூறுகளில் நான் கணபதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் குமாஸ்தா. அவர் அங்கே ஸ்டோர் கீப்பர். தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல் வைத்திருந்ததால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஸ்டோர் ரூமில் பேரிங் பெட்டிகளுக்கு மேலே ஒரு பழைய காலண்டர் தொங்கும். பிரான்ஸ் தேசத்து மலைச்சரிவு, வரிசை வரிசையாகத் திராட்சை, நடுவில் ஒரு சர்ச்.

"நல்லாப் பாரு கண்ணு. அதே மலை, அதே குளுகுளு காத்து. சர்ச் இருக்கற எடத்துல நமக்கு மாரியாத்தா கோயலு. பேரு மட்டும் அவிங்களுக்கு" என்பார் என்னிடம்.

"அங்க கொடி இடுப்பளவுதானுங்ணா இருக்குது. நம்முளது தலைக்கு மேல பந்தலாச்சுங்களே."

"அவிங்க குனிஞ்சு பறிக்கறாங்க, நாம நிமுந்து பறிக்கறோம். ஆருக்கு கௌரவம்?"

அந்த ஊரில் கொடிகள் நூறு வயது வாழும் என்று எங்கோ படித்ததிலிருந்து அவருக்குக் கொடிகள் மேல் மரியாதை வந்துவிட்டது. "ஏனுங்க, அந்தக் கம்பிப் பக்கம் கொஞ்சம் படந்தீங்கன்னா தேவலைங்க" என்று கெஞ்சுவார். கத்தரி எடுத்துக் கவாத்து செய்கிற நாளில் ஒவ்வொரு கொடியிடமும் "கோவிச்சுக்காதீங்க" என்பார். நூற்றுக்கணக்கான கொடிகள். மதியச் சோறு சாயங்காலம்தான்.

காலண்டரின் அடுத்த தாளில், ஒயினுக்காகப் பெண்கள் தொட்டிக்குள் இறங்கித் திராட்சையை மிதிக்கிற படம். தானும் ஒயின் போடுவதென்று உடனே ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினார். வேலைக்கு வந்த பெண்கள், தின்கிற பொருளைக் காலால் மிதிப்பதா என்று கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவரே இறங்கினார். ஆனால் அவருக்கும் அதே பயம்தான். ஒரு மிதி, குனிந்து தொட்டு ஒரு கும்பிடு. மறுபடி ஒரு மிதி, ஒரு கும்பிடு. தொட்டி சாறாவதற்குள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் லீவு. காரணம் என்ன போடுவது என்று நான் திண்டாடிப் போனேன்.

அவர் மனைவிக்குத்தான் பொறுமை போயிற்று. அக்கா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். ஒரு வருஷம் மழை கெடுத்தது, மறு வருஷம் நோய். உடுமலைப்பேட்டையில் அக்காவின் தம்பி தென்னை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பந்தலப் பிரிச்சுப்போட்டுத் தென்னை வெச்சுப்போடலாமுங்க. தென்னைகிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியதில்லீங்க."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பம்பைப் பார்க்க பிரான்ஸிலிருந்தே ஒருவர் வந்தார். பந்தல்காரர் மனைவியிடம் சவால் விட்டார். தன் ஒயினை அந்தப் பிரான்ஸ்காரர் சுவைத்துத் துப்பினால் பந்தல் இருக்கும், விழுங்கினால் தானே வெட்டிவிடுவதாக. ஒயின் தெரிந்தவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள் என்று அவர் படித்திருந்தார்.

"ரசனை இருக்கறவிங்க துப்புவாங்க அம்மணி. தாகம் இருக்கறவிங்கதான் முழுங்குவாங்க."

எச்சில் துப்ப ஒரு பித்தளைப் படிக்கம் வாங்கி, புளி போட்டு விளக்கி, பொட்டும் வைத்தார்.

இந்தச் சவால் எனக்கு அப்போது தெரியாது. விருந்தாளியைக் காரில் அழைத்துப்போன புத்திசாலி நான்தான். எங்கள் பக்கத்தில் கொடுத்ததைத் துப்பினால் ஏழு ஜென்மப் பகை, என்ன கொடுத்தாலும் விழுங்கிவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வழியெல்லாம் ஓதிக்கொண்டே போனேன்.

பந்தல் நிழலில் நாற்காலி போட்டு, டம்ளர் நிறைய ஊற்றினார்கள். விருந்தாளி ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பந்தல்காரர் படிக்கத்தை நீட்டினார். விருந்தாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மடக்கென்று விழுங்கிவிட்டார்.

பந்தல்காரர் முகம் செத்துவிட்டது. இன்னொரு டம்ளர் ஊற்றிப் படிக்கத்தை மோவாய்க்குக் கீழேயே பிடித்தார். அதுவும் உள்ளே போயிற்று. மூன்றாவதையும் குடித்துவிட்டு, "வெரி குட்" என்றார் அந்த உத்தமர்.

"ஆறுதல் சொல்றாருங்க" என்றார் பந்தல்காரர். அரிவாளை எடுத்துக்கொண்டு முதல் கொடியிடம் போனார். "ஏனுங்க..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, அரிவாளும் கையுமாகக் கொடியைக் கும்பிட்டார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு டம்ளரை எடுத்து, ஒரு வாய் உறிஞ்சி, படிக்கத்தில் துப்பினார்.

"துப்பிப்போட்டேனுங்க. அருவாளைக் கீழ வெய்யிங்க."

"வெள்ளக்காரர்தானே துப்போணும் அம்மணி?"

"கொடிக்குத் தண்ணி கட்டுனது அவருங்களா, நானுங்களா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நெசமாவே அத்தனை நல்லாருக்குதா?"

"வாயில வெக்க முடியலீங்க" என்றார் அக்கா.

அவர் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்த்ததும் எனக்கும் தாங்கவில்லை. கல்தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, வழியில் ஓதியதற்குப் பிராயச்சித்தமாக அந்தப் புளித்த காடியில் ஒரு டம்ளரைச் சொட்டு விடாமல் குடித்தேன். மறைந்துதான் குடிக்க வேண்டியிருந்தது. நான் விழுங்குவதைப் பார்த்தால் மனுஷன் மனசு உடைந்துபோயிருப்பார்.