ஆர்மோனியப் பேலன்சர் கழன்ற விவரம்

கப்பலில் இருக்கும் மாப்பிள்ளைக்கு, கரையில் இருக்கும் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே தங்கை, மருமகள், நான் மூவரும் சௌக்கியம். உங்கள் கார் சௌக்கியமா என்பது போகப்போகத் தெரியும். தயவுசெய்து படிப்பதை நடுவில் நிறுத்திவிட்டுத் தந்தி கிந்தி அடிக்க வேண்டாம்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீங்கள் பெட்டியும் கையுமாகப் புறப்பட்ட காலையில், காரின் முன்பக்கம் காதைக் கொடுத்து, "மாப்ள, உள்ள ஒரு சத்தம் வருது, கேக்குதா?" என்றேன். "இல்லையே" என்றீர்கள். பதினெட்டு வருஷம் கப்பல் இன்ஜின் பக்கத்தில் நின்ற காது, பாவம், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் போனதும் காரோடு வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறான்: ஆர்மோனியப் பேலன்சர். பெயரிலேயே ஆர்மோனியம் இருக்கிறது, சத்தம் வேறு எங்கிருந்து வரும்? இதைக் கண்டுபிடிக்க ஒருத்தன் கப்பலேற வேண்டியதில்லை. "மாமா, அது ஹார்மோனிக். இன்ஜின் நடுக்கத்தை வாங்கிக்கற சக்கரம். பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றாள் உங்கள் மகள். படித்த பெண், எழுத்துப் பிழை பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு வெள்ளிக்கிழமை டிரைவிங் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு தடவை போய்விட்டது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை லைசென்ஸ் கைக்கு வந்தால்தான் திங்கட்கிழமை அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், வீடு வீடாகப் போய் மாதிரி வாங்கி வரும் வேலையில் சேர முடியும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். டெஸ்டுக்கு நம் காரைத்தான் கொண்டு போக வேண்டும். ஆகவே தாய்மாமன் என்கிற முறையில், சத்தம் போடுகிற காரில் அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு முன்சக்கரத்தைக் கழற்றினேன்.

மாப்ள, உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்கிறேன். இன்ஜின் தண்டின் மூக்கில் அந்தச் சக்கரம் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு பெரிய போல்ட். போல்ட்டைத் திருப்பினால் தண்டும் கூடவே சுற்றும் என்பதால், கியரைப் போட்டு, தங்கையை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். நாலடிக் குழாயை ஸ்பேனரில் சொருகி நான் கொடுத்த கொடுப்பில் தெருவே நின்று பார்த்தது. அரை மணி நேரம். "அண்ணா, கால் மரத்துப்போச்சு, அடுப்புல பால் வேற இருக்கு" என்று இவள் ஒரு பக்கம். "இன்னும் கொஞ்சம் அமுத்தும்மா, அசையுது அசையுது" என்று நான். மருமகள் குனிந்து பார்த்துவிட்டு, "அசையறது நீங்கதான் மாமா. இது இறுக்கற பக்கம்" என்றாள். நன்றாக இறுக்கிவிட்டுத் தளர்த்தினால்தான் துரு உடையும் என்பது பழைய மெக்கானிக்குகளின் ரகசியம். அதை அவளுக்கு அப்புறம் விளக்கினேன். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது, அது தனிக்கதை.

போல்ட் வந்தது. சக்கரம் வரவில்லை. அந்தச் சக்கரத்துக்குக் கடையில் புல்லி என்று பெயர், அதை இழுக்கப் புல்லர் என்று ஒன்று வேண்டும். உதிரிபாகக் கடையில் போய், "புல்லி புல்லர் குடுங்க" என்றேன். "புல்லியா, புல்லரா?" என்றான். "புல்லியைப் புடுங்கற புல்லர்பா." "மூணு கால் வெச்சதா, போல்ட் போட்டு இழுக்கறதா?" கடையில் நாலு பேர் நிற்கும்போது யோசித்தால் நன்றாகவா இருக்கும்? "மூணு கால்" என்றேன், பிறந்ததிலிருந்து அதையே உபயோகிக்கிறவன் மாதிரி.

மூன்று காலையும் சக்கரத்தின் விளிம்பில் மாட்டித் திருகினேன். மாப்ள, என்ன சொல்ல, இருபதே நிமிஷம், டப்பென்று கையோடு வந்துவிட்டது! அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எதிர்வீடு, பக்கத்து வீடு, சலவைக்கடை எல்லோருக்கும் காட்டினேன். எதிர்வீட்டு வாத்தியார்தான், "ஏன் சார், உள்பக்கம் ரப்பர் பிஞ்சு தொங்குது?" என்றார். "பழசுன்னா அப்படித்தான் சார்" என்றேன். திரும்பி வந்தால் மருமகள் தரையில் படுத்தபடி, "மாமா, நீங்க ஊர்வலம் போனது வெளி வளையம். நடுவுல இருந்த ரப்பர் பிஞ்சிடுச்சு, உள்வளையம் இங்கயேதான் இருக்கு" என்கிறாள். எழுந்து நின்றாள். அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். "வெள்ளிக்கிழமை இது ஓடலைன்னா என் வேலை போச்சு" என்று மெதுவாகச் சொன்னாள், கையில் சுத்தியல். நான் இரண்டடி பின்னால் போனேன். அதில்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

திங்கள் முழுக்க எண்ணெய் விட்டோம். செவ்வாய் நான் சுத்தியலைத் தொட்டேன், தங்கை பிடுங்கிக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். புதன்கிழமை மருமகளே அந்த மூன்று காலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, போல்ட் போடுகிறதையும் ஒரு புதுச் சக்கரத்தையும் வாங்கி வந்தாள். உள்வளையத்தின் முகத்தில் இரண்டு ஓட்டை இருக்கிறதாம். அவற்றில் போல்ட்டை முடுக்கி, புல்லரின் நடுத்திருகைத் தண்டின் மேல் அழுத்த வேண்டுமாம். நான் நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை செய்தேன். அரைச் சுற்று திருப்புவாள், நிறுத்துவாள், மறுபடி அரைச் சுற்று. "கொஞ்சம் வேகமா" என்றேன். "மாமா, நீங்க பேசினா அது உள்ள போயிடுது" என்றாள். பேசவில்லை. நான் பேசாமலிருந்த அந்த நேரத்தைப் பற்றித் தங்கை இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு "டொக்". அவ்வளவுதான், வளையம் அவள் மடியில். வியாழன் மாலைக்குள் புதியதையும் ஏற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட் எடுக்கிற அதிகாரி அவள் கையைப் பார்த்து, "நகத்துல என்னம்மா கிரீஸ்?" என்றாராம். இவள் நடந்ததைச் சொல்ல, மனுஷர் பாதி வழி சிரித்துக்கொண்டே வந்தாராம். பின்னால் எடுத்து நிறுத்துவதை, இரண்டு தடவையும் கம்பத்தில் இடித்த அதே இடத்தில், ஒரே முயற்சியில் முடித்தாள். பாஸ்! திங்களன்று வேலையில் சேர்ந்துவிட்டாள். பயிற்சி கொடுத்தது யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் இன்ஜினும் இடுப்பும் பிடித்துக்கொள்ளாமல் நல்லபடியாகக் கரை சேர வேண்டும். அங்கே ஏதாவது கழலாமல் இருந்தால் கூச்சப்படாமல் எழுதிக் கேட்கவும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: தங்கை பக்கத்தில் நின்று எழுதச் சொல்வதால் எழுதுகிறேன். அன்று காரில் சத்தம் எதுவும் வரவில்லை. "மச்சானுக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது, சாவியை அவர்கிட்ட குடுக்காதே" என்று நீங்கள் இவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது, அதனால் சத்தம் வருகிறது என்று ஒரு வார்த்தை விட்டேன். விட்ட பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. ஆனால் மாப்ள, நேற்றிலிருந்து உள்ளே ஒரு சத்தம் நிஜமாகவே வருகிறது. சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். என்னுடைய பதினேழாம் நம்பர் ஸ்பேனரையும் வீடு முழுக்கத் தேடிவிட்டேன், காணவில்லை.