நாக்கு சாரும் இருநூறு எலுமிச்சங்கன்றும்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள அத்தனை கிணற்றையும் போரையும் நாக்கிலேயே வைத்திருக்கிற ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். எங்கள் லேப் கெமிஸ்ட். அவர் பெயர் ரிப்போர்ட்டில் கையெழுத்தாக இருக்கும். யாருக்கும் வாசிக்க வராது. ஊருக்கு அவர் நாக்கு சார்.

மண்ணும் தண்ணீரும் சோதிக்கிற லேப் அது. நான் வேன் ஓட்டுகிறேன். பாட்டிலும் கழுவுவேன்.

தண்ணீர் வந்தால் மீட்டரில் வைக்குமுன் ஒரு சொட்டு நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். உப்பு இவ்வளவு என்று ஓர் எண் சொல்வார். மீட்டரிலும் கிட்டத்தட்ட அதுதான் வரும். ஒருநாள் ரொம்பத் தள்ளி வந்தது. மீட்டரை ரிப்பேருக்கு அனுப்பிவிட்டார். மீட்டரில்தான் பிழை என்று ரிப்பேர்காரனும் எழுதிக் கொடுத்தான். அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை.

கடம்பூரில் ஒரு கல்யாணம். ரசத்தை ஒரு வாய் குடித்தவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். தண்ணி லாரிக்காரன் எந்தத் தோட்டத்தில் தண்ணீர் பிடித்தான் என்று சொன்னார். சமையல்காரர் பயந்துபோய் அவர் இலையில் மட்டும் இரண்டு போளி கூட வைத்தார்.

மண்ணை மோந்து பார்ப்பார். நிலத்தில் நாலைந்து இடத்தில் தோண்டிக் கலந்து கொண்டு வரச் சொன்னால், எங்கள் கரிசல்காரர்கள் எருக்குழி ஓரத்துக் கொழுத்த மண்ணை அள்ளி வருவார்கள். சொந்த நிலத்தை வெளியாள் முன்னால் குறைத்துக் காட்ட மனசு வராது. “பொண்ணு பாக்க வந்தா பக்கத்து வீட்டுப் பிள்ளையவா காட்டுவீரு?” என்று பையைத் திருப்பிக் கொடுப்பார். மறுநாள் சொந்தப் பிள்ளையோடு வருவார்கள்.

மாதிரியை வாயில் வைக்கக் கூடாது என்று முதலாளி சுவரில் போர்டு மாட்டினார். சார் போர்டுக்கு முதுகைக் காட்டி நின்று ருசித்தார். அது ஒரு மரியாதை.

ஒருநாள் எப்போதும்வென்றானிலிருந்து ஆவுடையம்மாள் வந்தார். ஆடு வளர்க்கிறவர். புதிதாகப் போர் போட்டிருந்தார். ஆட்டில் பாதியை விற்று எலுமிச்சங்கன்று இருநூறு வாங்கி வீட்டு வாசலில் வைத்திருந்தார். தண்ணீர் நல்லதென்று ரிப்போர்ட் வந்தால் மறுநாளே நடவு.

அன்றைக்கு முதலாளி பக்கத்திலேயே நின்றார். சார் தண்ணீரை நாக்கில் வைக்கவில்லை. மீட்டர் பிரமாதம் என்றது. அந்தம்மா ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். முதலாளி டீ குடிக்கப் போனதும் சார் மிச்சத் தண்ணீரை நாக்கில் வைத்தார். முகம் மாறியது. வேனை எடுக்கச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் பிடித்தோம்.

“யம்மா, இது உங்க போர் தண்ணி இல்ல. குழாயில வார தாமிரபரணித் தண்ணில்லா.”

“ஆமா சார். நீங்க வாயில வச்சுப் பாப்பீகன்னு ஊரே சொல்லுது. ஒரு மனுசருக்கு உப்புத் தண்ணிய எப்படிக் குடிக்கக் குடுக்க? அதான் நல்ல தண்ணியாக் கொண்டாந்தேன்.”

சார் அந்தம்மாவுக்கு வேன் கதவைத் திறந்துவிட்டார். அப்படி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவரையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனோம். போர் தண்ணீரை வாயில் விட்டதும் சாருக்கு இருமல் வந்தது. எலுமிச்சை இதில் கருகிப்போகும் என்றார். ஆவுடையம்மாள் கன்றுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. ஒரு கன்றின் இலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“தப்பு உங்க மேல இல்ல, என் நாக்கு மேல. கொடுக்காப்புளி வைங்க. உப்பத் தாங்கும்.”

“முள்ளு மரம் வைக்கவா சார் ஆட்ட வித்தேன்?”

“முள்ளுதான். காய்க்கட்டும், சந்தையில நின்னு வாங்குவாங்க. தழைய உங்க ஆடு தின்னும். எலுமிச்சையில அது உண்டா?”

கடைசியில் அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கன்றுகளை வேனில் ஏற்றிக் கன்று விற்ற கடைக்கே போனோம். விற்றதை எடுப்பதில்லை என்றார் கடைக்காரர். சார் பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒரு வாய் ருசித்தார். கன்று வாங்க வந்தவர்கள் காது கேட்க உப்பு எவ்வளவு என்று சொன்னார். அந்தத் தண்ணீரில் எந்தெந்தக் கன்று பிழைக்காது என்று ஆரம்பித்தார். மூன்றாவது பேர் சொல்லுமுன் எலுமிச்சை இறங்கி, கொடுக்காப்புளிக் கன்றுகள் வேனில் ஏறின.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சாரிடமிருந்து எனக்கு போன் வரும். மரம் பார்க்கப் போக வேண்டும். லீவு நாளும் போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுவேன். மரம் ஆள் உயரத்தைத் தாண்டி, இந்த வருஷம் காய்த்தும் விட்டது. ஆவுடையம்மாள் மறுபடியும் ஆடு வாங்கிவிட்டார்.

போன மாதம் சாருக்குக் காய்ச்சல். இரண்டு ஞாயிறு போன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வேனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“நான் கூப்பிடலியேடே” என்றார்.

மரத்தைப் பார்க்கணும் என்றேன். எனக்கு எந்த மரத்தையும் பார்க்க வேண்டியதில்லை.