பூஜ்யம் நம்பர் அறையின் டாக்டர்

இருபத்துமூன்று வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. எதையும் நானே எழுதினால்தான் அது புரோகிராம் என்று நினைத்தேன். அந்த வியாதி சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் குணமானது. (மருந்தால் இல்லை, மானம் போனதால்.)

2007. கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வீட்டு மாடியில் இயங்கிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். முதலாளியோடு சேர்த்து ஐந்து பேர். பக்கத்து நாற்காலியில் ஸ்டெல்லா. காலேஜிலும் என் வகுப்புதான். சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா புது ஆஸ்பத்திரி திறக்கவிருந்தார். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்து டிவியில் டோக்கன் நம்பர், டாக்டர் பெயர், அறை எண் எல்லாம் வரவேண்டும் என்று கேட்டிருந்தார். நான் தனியாகச் செய்த முதல் வேலை அது. ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

டாக்டர்களின் பெயரும் அறை எண்ணும் ஒரு சின்ன செட்டிங்ஸ் ஃபைலில் இருக்கும், வரிக்கு ஒரு விவரமாக. புரோகிராம் அதைப் படித்துத் திரையில் காட்டும். யாராவது எதையாவது மாற்றினால் அதே ஃபைலில் எழுதிவைக்கும். இந்தப் படிக்கிற, எழுதுகிற வேலையைப் பிசகாமல் செய்யும் ஒரு லைப்ரரியை, அதாவது அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளும் ரெடிமேட் புரோகிராம் துண்டை, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் சும்மா கொடுத்திருந்தார்.

"அத எடுத்துப் போடு வேலு. அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் ஸ்டெல்லா.

"ஒரு ஃபைல படிக்கிறதுக்குப் போயி அடுத்தவன் எழுதுனதா? நாப்பது வரியில நானே எழுதிடுவேன்."

எழுதினேன். ஃபைலில் விவரம் இல்லாவிட்டால் திரையில் என்ன காட்டுவது என்று ஒரு இடம் வந்தது. ஸ்டெல்லாவைச் சிரிக்கவைக்க, 'டாக்டர் டுபாக்கூர், அறை 0' என்று போட்டேன். அவள் சிரிக்கவில்லை. "மொதல்ல இத எடுத்துடு" என்றாள். எடுத்துவிடுவதாகச் சொன்னேன். (சொன்னதோடு சரி.)

திறப்பு விழா அன்று காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு சிதம்பரம் போய் இறங்கினேன். கூடம் நிறைய ஜனம். டிவி அழகாக ஓடியது. பத்து டோக்கன்வரை எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சரியான அறைக்குப் போனார்கள். நான் சுவரில் சாய்ந்து, யாராவது "இது யார் செஞ்சது?" என்று கேட்பார்களா என்று காத்திருந்தேன்.

டாக்டரம்மா வந்தார். "தம்பி, கண் டாக்டர் மாடிக்கு மாறிட்டாரு. ரெண்டாம் நம்பர அஞ்சுன்னு மாத்திடுறீங்களா?"

"ரெண்டு செகண்டு மேடம்."

ரெண்டு செகண்டுதான் ஆனது. நான் எழுதிய நாற்பது வரி, மாற்றிய அந்த ஒரு வரியை ஃபைலில் எழுதியது. ஆனால் எழுதும்முன் ஃபைலில் இருந்த மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டது. டாக்டர்களின் பெயர்களும் அறை எண்களும் போயின. டிவி மணி அடித்தது. 'டோக்கன் 11. டாக்டர் டுபாக்கூர். அறை 0.'

பதினொன்றாம் டோக்கன், காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்த ஒரு பெரியவர். அவருக்குப் பெயர் படிக்கத் தெரியவில்லை, எண் தெரிந்தது. பூஜ்யத்தைத் தேடிப் புறப்பட்டார். நம்பரே இல்லாத ஒரு கதவைக் கண்டுபிடித்து அதன்முன் நின்றார். அது கக்கூஸ். அடுத்தடுத்த டோக்கன்காரர்கள் அவர் பின்னால் பயபக்தியோடு வரிசையில் நின்றார்கள். உள்ளேயிருந்து வெளியே வந்த கம்பவுண்டருக்கு நாலு பேர் வணக்கம் சொன்னார்கள்.

அப்போது ஊரெங்கும் போலி டாக்டர்களைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். படிக்கத் தெரிந்த ஒரு அம்மா எழுந்தார். "ஏங்க, டிவியிலயே டுபாக்கூருன்னு போட்ருக்கான். புள்ளைய தூக்குங்க, போலாம்!" பத்துப் பதினைந்து பேர் எழுந்துவிட்டார்கள்.

எனக்கு டிவி வயரைப் பிடுங்கலாம் என்றுகூடத் தோன்றாமல் நின்றேன். டாக்டரம்மா வெளியே வந்தார். டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்த டாக்டரு இன்னிக்கி லீவு" என்றார் கூட்டத்திடம். "அவருக்கு பதிலா நான் பாக்குறேன், உக்காருங்க."

கூடமே சிரித்தது. புள்ளையைத் தூக்கச் சொன்ன அம்மாவும் உட்கார்ந்தார். டாக்டரம்மா தாமே நம்பர் கூப்பிட ஆரம்பித்தார். கம்பவுண்டர் கக்கூஸ் வரிசையைக் கலைத்தார்.

நான் வாசலுக்கு ஓடி ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி முடிக்கும்முன்பே, "மெயில் பாரு" என்றாள்.

"என்னா மெயில்?"

"நேத்தே அனுப்பிட்டேன். அந்த லைப்ரரிய போட்டு நானே ஒன்னு செஞ்சு வெச்சிருந்தேன். டுபாக்கூரையும் எடுத்துட்டேன். நீ சொன்னா கேக்க மாட்டன்னு தெரியாதா?"

பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் அதை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போட்டேன். விவரங்களை மறுபடி நிரப்பி, பயந்து பயந்து ஒன்றை மாற்றிப் பார்த்தேன். மாற்றியது மாறியது, மற்றது எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அழுகை வந்துவிட்டது.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். "நானும் மொத ஊசிய தப்பாதான் போட்டேன் தம்பி. சாப்டீங்களா?" என்றார் டாக்டரம்மா. முதலாளிக்கு அவர் போனில் சொன்னது, "பையன் நல்லா செஞ்சிருக்கான்" என்பது மட்டும்தான். அந்த ஒரு வரியில்தான் என் வேலை நிரந்தரமானது.

அந்த வாரம், லைப்ரரி எழுதியவருக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நன்றி சொல்லி மெயில் போட்டேன். இரண்டே வரியில் பதில் வந்தது. அவரும் ஒருமுறை இப்படித்தான் ஒரு ஃபைலை முழுசாக அழித்தாராம். அதனால்தான் அந்த லைப்ரரியையே எழுதினாராம். முகம் தெரியாத அவரை அன்று கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் 2011-இல் என் கல்யாணத்துக்கு ஸ்டெல்லா வந்தாள். மேடையில் பரிசைக் கொடுத்துவிட்டு, என் மனைவியின் காதில் முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். போட்டோக்காரர் மூன்று முறை "இங்க பாருங்கம்மா" என்று சொல்லியும் மணப்பெண் சிரிப்பை நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு எந்த வேலை சொன்னாலும் கூடவே ஒரு எச்சரிக்கையும் வரும். அலமாரியில் ஒரு டப்பாவை நகர்த்தினால், "மத்ததெல்லாம் இருக்கா பாருங்க" என்று குரல் கேட்கும். போன வாரம் முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பினேன். இருப்பதே காதோரம் நாலு முடி. வாசல்வரை வந்து மனைவி சொன்னாள்:

"ஒன்ன வெட்டுனா மத்ததெல்லாம் இருக்கான்னு சலூன்காரர பாக்கச் சொல்லுங்க. நீங்களே எதுவும் பண்ணாதீங்க."