ஒண்ணுமில்லை டாக்டர்

"உள்ள விடுற இரும்பு அப்புறம் எங்க போகும்?" என்று ஸ்கேன் அறையில் ஒரு சின்னப் பெண் ஒருமுறை கேட்டாள்.

நுண்ணிய இரும்புத் துகள் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்த டாக்டர், "ஒண்ணுமில்ல பாப்பா" என்றார். யார் எதைக் கேட்டாலும் அவர் பதில் அதுதான். ஆஸ்பத்திரியில் அவருக்கு அதுவே பெயராகவும் நிலைத்துவிட்டது. குழந்தை ஸ்கேன் முடியும்வரை அழுதது.

இன்று அதே மருந்து அவருக்கே. கல்லீரலில் ஏதோ நிழல். துகளை ஏற்றிப் படமெடுத்தால்தான் என்னவென்று தெரியும். முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்ட நோயாளி அங்கியில் படுத்ததுமே டாக்டருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த மருந்தால் அபூர்வமாக யாருக்காவது மூச்சு முட்டும் என்று படித்தது இப்போது பார்த்து நினைவுக்கு வந்தது.

"எனக்குக் கிட்னி கொஞ்சம் வீக், சிஸ்டர்" என்று தப்பிக்கப் புளுகினார்.

"அப்ப நல்லதாப் போச்சு சார். கிட்னி சரியில்லாதவங்களுக்குத்தானே நீங்களே இதை எழுதுவீங்க" என்றார் நர்ஸ்.

அடுத்து, தனக்குத் தூசி ஒவ்வாமை உண்டு, தும்மல் வரும் என்றார். ஒவ்வாமை என்று காதில் விழுந்ததுதான் தாமதம், ஆக்ஸிஜன் வந்தது, அவசர மருந்து வண்டி வந்தது, வேடிக்கை பார்க்க அவருடைய மாணவர்களும் வந்து கட்டிலைச் சூழ்ந்தார்கள். மானம் கப்பலேறியது.

கடைசியில் தலையைத் தூக்கி நர்ஸிடம் மெல்லக் கேட்டார்: "இந்த இரும்பு அப்புறம் எங்கம்மா போகும்?" பதில் அவருக்குத் தெரியாததில்லை. யாராவது சொல்லிக் கேட்டால் தேவலாம் போலிருந்தது.

"ஒண்ணுமில்ல சார்" என்று நர்ஸ் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு இந்த வெறுங்கையை நீட்டியிருக்கிறோம்! பாத்ரூம் போய்வருவதாகச் சொல்லி, அங்கியைப் பின்னால் கெட்டியாகப் பிடித்தபடி வெளியே வந்தார்.

பெஞ்சில் அதே சின்னப் பெண், மறு ஸ்கேனுக்காக உட்கார்ந்திருந்தாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வேறு ஈ காக்கை இல்லை. கடவுளே கொண்டுவந்து உட்காரவைத்தது போலிருந்தது அவருக்கு. எதிரே முழங்காலிட்டார்.

"அன்னிக்குக் கேட்டியே, பாப்பா. அந்தத் துகளைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடிச்சு வெச்சுக்கும். மெதுவாக் கரைச்சு, ரத்தத்துக்கு வேண்டிய இரும்பா ஆக்கிக்கும். எப்பவாச்சும் ஒருத்தருக்கு ஒத்துக்காமப் போகலாம். அதுக்குத்தான் ஊசி போட்டப்புறமும் பக்கத்துலயே இருந்து பாத்துக்குவோம். இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

சொல்லி முடித்தபோது அவருடைய பயமும் அடங்கியிருந்தது.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் அங்கிள். அன்னிக்கு இங்க வர்றதுக்கு முன்னாடியே அம்மா வீட்ல சொல்லிட்டாங்க. ஊசி போடுற உங்களுக்குத் தெரியலையேன்னுதான் அன்னிக்கு அழுதேன்."