மாஸ்டர் ஆஃப் லாஸ்

சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தார் சம்பந்தம். "இந்த நிமிஷத்துலேர்ந்து காலவரையற்ற உண்ணாவிரதம்!"

ஆரணி நெசவாளர்களுக்காக நாற்பது வருஷம் கொடி பிடித்தவர். கொடி வெளுத்தது, தலை வெளுத்தது. முதலாளிகளின் வேட்டி முன்னமே வெளுப்பு.

மிச்சம் இருந்தது ஒரே கனவு. மகள் தேவிப்ரியா எல்.எல்.எம். முடித்துவிட்டாள், அதுவும் தொழிலாளர் சட்டத்தில். கண்ணை மூடினால் போதும், ஐகோர்ட் தெரியும். கறுப்பு கவுன் மிதந்து வர, மகள் நெசவாளர் பக்கம் எழுந்து நிற்பாள். நீதிபதி பேனாவை மூடிவிட்டுக் கேட்பார். முதலாளிகளின் வக்கீல்கள் ஓசைப்படாமல் கேஸ் கட்டுகளைக் கட்டுவார்கள். பக்கத்து வீட்டு விசைத்தறியின் தடதடப்பு அவர் காதில் கைதட்டலாக விழும்.

அந்தக் கனவில்தான் இன்று மண் விழுந்தது. பெங்களூர் கம்பெனி ஒன்று தேவிப்ரியாவைச் சட்ட அதிகாரியாக எடுத்துக்கொண்டது. உள்ளே அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"முதலாளிக்குக் குடை புடிக்கவா படிச்சா? பரிமளா, எல்.எல்.எம்.னா இன்னான்னு தெரியுமா? மாஸ்டர் ஆஃப் லாஸ்!"

"லாஸ்ல மாஸ்டரா? அதுக்குத்தான் நம்ம வூட்ல நீங்க இருக்கீங்களே," என்றாள் மனைவி பரிமளா, கீரை ஆய்ந்துகொண்டே.

"பேச்ச மாத்தாத! ஜட்ஜ் பரீட்சை எழுதட்டும். காலேஜ்ல பாடம் நடத்தட்டும். இல்ல, ஆரணி கோர்ட்ல நம்ம ஜனத்துக்கு வாதாடட்டும். கம்பெனி மட்டும் கூடாது. சங்கம் முடிவு எடுத்தாச்சு!"

"சங்கத்துல யார் யாருங்க?"

"நான்தான்."

"அப்ப ஏகமனதா முடிவாயிருக்கும்." பரிமளா கீரையைத் தள்ளி வைத்தாள். "சரிங்க, வாயால சொன்னா செல்லுமா? கோரிக்கைய எழுத்துல குடுங்க. உங்க பாணியில நறுக்குன்னு எழுதுங்க. நிர்வாகம் பரிசீலிக்கும்."

சம்பந்தம் உருகிப்போனார். எந்த நிர்வாகமும் அவரிடம் இத்தனை மரியாதையாகப் பேசியதில்லை. 'பெங்களூர் போகக் கூடாது' என்றுதான் எழுத உட்கார்ந்தார். ஆனால் துண்டறிக்கையிலேயே எழுத்துப் பழகிய கை. பேனா தாளில் பட்டதும் தானாக ஓடியது. எழுதிக் கையெழுத்தும் போட்டு, கண் சொருக, மேடையில் நிற்பவர் போல வாசித்தார்:

"உழைக்கும் பெண்ணே, விழித்தெழு! எங்கே உழைப்பது, யாரிடம் உழைப்பது என்று முடிவு செய்யும் உரிமை உழைப்பவளுக்கே! தடுப்பவன் தந்தையே ஆனாலும் தலைவணங்கோம்!"

"அடேங்கப்பா!" பரிமளா தாளை வாங்கி அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். "கோரிக்கைய முழுசா ஏத்துக்கினோம். தேவி, அப்பாவுக்கு ஜூஸ் எடுத்தாம்மா!"

சம்பந்தம் தாளைப் பிடுங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். கீழே இருந்தது அவர் கையெழுத்தேதான்.

தேவிப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு எலுமிச்சை ஜூஸை நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

அவர் வாழ்நாளில் நூற்றுக்கு நூறு வெற்றி பெற்ற போராட்டம் அது ஒன்றுதான்.