இடப்பக்க ஸ்பீக்கரும் என்னுடைய செத்தவீடும்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் எட்வேட் அவர்களுக்கு,

இறைவன் அருளால் நான் நலமாக இருக்கிறேன். வழமையான சம்பிரதாய வசனம் என்று நினைத்து இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள் மச்சான், இம்முறை இதுதான் செய்தி. பக்கத்து வீட்டு ஷெரோமி கனடாவுக்கு அழுதழுது அனுப்பிய குரல்பதிவு பொய். என் பேரில் பூசை ஏதும் ஒப்புக்கொடுத்திருந்தால் அது ஆதரவற்ற ஆத்துமா ஒன்றுக்குப் போய்ச் சேரட்டும். ஆள் சாகவில்லை என்று உங்கள் தங்கச்சி யோசெப்பின் பிறகு உங்களுக்குச் சொன்னதாகக் கேள்வி. ஆனால் ஆள் எப்படி இருக்கிறது என்று சொல்லியிருக்க மாட்டாள். அவள் என்னோடு கதைக்கிறதையே விட்டுவிட்டாள். நீங்கள் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு, அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உங்களோடு கதைக்கிற போன் அவள் கையில் இருக்கிறது.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். துறைமுகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் ஒன்றில் கோயிலுக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் காலையில் நடக்கப் போகவேண்டும். நான் ஹோம் தியேட்டரைத் தரமுயர்த்தப் புறப்பட்டேன். எங்களிடம் இருந்தது பிள்ளைகள் வெளிநாடு போகும்போது விட்டுப்போன பழைய செட். பென்ஷன் காசில் முழுச் செட்டையும் மாற்றக் கட்டாது என்பதால் துண்டு துண்டாக மாற்றுவோம் என்று முடிவெடுத்து, முதலில் மருதானையில், நெஞ்சதிர இடிக்கிற பழைய பேஸ் பெட்டி ஒன்று எடுத்தேன். அதைப் போட்ட அன்று சுவரில் இருந்த பல்லி கீழே விழுந்தது. அடுத்து, பின்பக்கச் சுவருக்கு இரண்டு ஸ்பீக்கர் வாங்கி மாட்டினேன். வலது பக்கத்து ஸ்பீக்கரில் மழை பெய்தது, குதிரை ஓடியது. இடது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இடத்தை வலத்துக்கும் வலத்தை இடத்துக்கும் மாற்றிப் பார்த்தேன். இடது பக்கம் போனவுடன் எந்த ஸ்பீக்கரும் ஊமையாகிவிட்டது. யோசெப்பினைக் கேட்டேன். "ரெண்டும்தான் கத்துது, ரெண்டையும் நிப்பாட்டுங்கோ" என்றாள். அவளுக்குச் சங்கீத ஞானம் மட்டு என்று மனதுக்குள் இரக்கப்பட்டேன்.

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ரிஸ்கானிடம் போய் முறையிட்டேன். அவன் பாவம், விற்க இருந்ததை விற்றான். "ஸ்பீக்கர்ல பிழை இல்ல அங்கிள். வயர்தான் மெல்லிசா ஈக்குது. தடிச்ச வயர் போடுங்க, சவுண்ட் ஓடி வரும்" என்றான். வாங்கிவந்தேன். அதை வீட்டுக்குள்ளால் இழுக்க யோசெப்பின் விடவில்லை, இயேசுவின் திரு இருதயப் படம் இருக்கிற சுவரில் ஆணி அடிக்கக்கூடாதாம். சரி என்று முன் யன்னலால் வெளியே எடுத்து, ஒழுங்கையில் போகிறவர்களின் தலையில் முட்டாமல் எதிரே இருக்கிற விளக்குக் கம்பத்தில் ஒருதரம் கொழுவி, வீட்டோரமாகச் சுற்றிப் பின் யன்னலால் உள்ளே விட்டேன். கறுப்பு வயர், குடை பிடித்து வருகிறவர்களுக்குத் தெரியாது. அடையாளத்துக்கு ஏதாவது கட்டவேண்டும், செலவும் வரக்கூடாது. அப்போதுதான் கட்டிலுக்குக் கீழே இருந்த வெள்ளைப் பொலித்தீன் சுருள் ஞாபகம் வந்தது.

எங்கள் ஒழுங்கையின் மரண உதவிச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். செத்தவீட்டுக்குக் கட்டுகிற கொடிச் சுருள் என் பொறுப்பில்தான் இருக்கும். எத்தனையோ பேருக்கு ஏணியில் ஏறிக் கட்டிய கை மச்சான், பழக்கத்தில் அதே இடைவெளி, அதே முடிச்சு. கட்டி முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன், வடிவாகத்தான் இருந்தது. இந்த ஊரில் வெள்ளைக்கொடி என்றால் என்ன என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரம் ஸ்பீக்கரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வயர் நுனியில் மாட்டுகிற 'பின்' இரண்டு வாங்கவேண்டும் என்று திரும்பவும் புறக்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

யாராவது கதவைத் தட்டி, யார் மோசம் போனது என்று கேட்டிருக்கலாம்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்கமாட்டார்கள். கொடியைக் கண்டால் உடனே சங்கத்துக் கதிரை போகவேண்டும், விசாரித்து வீட்டாரை நோகடிக்கக்கூடாது என்று போன பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தவனே நான்தான். கதிரை வந்தது. பந்தல் வந்தது. பிரேதம் ஆஸ்பத்திரியில் இருந்து வரும் என்று யாரோ சொல்ல, எல்லாரும் நம்பிவிட்டார்கள். அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் பூசை முடித்து யோசெப்பின் வந்து ஒழுங்கைக்குள் கால் வைக்க, ஷெரோமி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, "அக்கா, அங்கிள் எங்களை விட்டிட்டுப் போயிட்டாரே!" என்று கத்தியிருக்கிறாள். யோசெப்பின் எனக்குப் போன் எடுத்திருக்கிறாள், திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறாள். புறக்கோட்டைச் சந்தடியில் எனக்குக் கேட்கவில்லை.

நான் பின்னேரம் வந்து இறங்கினால் ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி. உள்ளூர நான் கொஞ்சம் கோபித்துக்கொண்டேன், செயலாளருக்கு அறிவிக்காமல் யார் சாகிறது? சேர்ட் பொத்தானைப் போட்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, கதிரையில் இருந்த எங்கள் ஒழுங்கைப் பெடியன் பிறெடியிடம் மெதுவாகக் கேட்டேன்: "ஆர் தம்பி செத்தது?" அவன் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

உள்ளே யோசெப்பின் தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்தாள். மச்சான், நான் செத்தால் அவள் அப்படி அழுவாள் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் ஓடிவந்து, அத்தனை பேருக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தாள். கலியாணத்தன்று கோயில் வாசலில் கூட அவள் என் கையைப் பிடிக்கவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் கையில் இருந்த உறையில் இருந்து ஸ்பீக்கர் பின் இரண்டு நிலத்தில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், யன்னலைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். பிடித்த கையை விட்டாள்.

அன்றைக்கு மூடிய வாய்தான். சோறு வருகிறது, தேத்தண்ணி வருகிறது, சொல் ஒன்றும் வரவில்லை. வெட்கத்தில் நானும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டின் அமைதி தாங்காமல் செட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டு இருக்கிறேன், அதுவும் வலது பக்கம் மட்டும்தான் பாடுகிறது. ஸ்பீக்கர் இல்லாமல் சீவிக்கலாம், அவளுடைய குரல் இல்லாமல் முடியவில்லை. செட்டை அப்படியே சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று நான் சத்தியம் பண்ணியதாகச் சொல்லி, அவளை ஒரு வார்த்தை கதைக்கச் சொல்லுங்கள். ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை.

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க அந்தோனியாரிடம் எனக்காக ஒன்று, உங்களுக்காக ஒன்று என்று மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் மைத்துனன்,
இராஜநாயகம்

பி.கு.: யோசெப்பினுக்குப் போன் எடுக்கவேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போன வழியில் காதுக்குள் கடித்து அரித்ததால் சந்தியில் இருக்கிற ஒரு டொக்டரிடம் காட்டினேன். அவர் என் இடது காதுக்குள் இருந்து ஒரு பஞ்சை இழுத்து எடுத்தார். பேஸ் பெட்டி வந்த அன்று சத்தம் தாங்காமல் நானே இரண்டு காதிலும் வைத்து, வலதில் எடுத்து, இடதில் மறந்துபோன பஞ்சு. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தேன். வழமைபோல என் இடப்பக்கத்தில் இருந்த யோசெப்பின், தன் கோப்பையைப் பார்த்தபடியே, "இஞ்சாருங்கோ, இன்னும் எத்தனை நாளைக்கு என்னோட கதைக்காமல் இருக்கப் போறியள்? கோபம் இல்லையெண்டு அண்டைக்கே சொல்லிப்போட்டன். ஒவ்வொரு நாளும் சொல்லுறன். ஒரு 'ஓம்' எண்டாவது சொல்லுங்கோவன்" என்றாள். சொன்னேன். செட்டை நிற்பாட்டிவிட்டு இதை எழுதுகிறேன். அவள் இவ்வளவு நாளும் சொன்னதை எல்லாம் முதலில் இருந்து திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இன்னும் முடியவில்லை.